கேட்கப்படாத சான்று: ஏ.டி.எம். அறையிலிருந்து இணையக் கேமரா வரை

கேரளத்து இணைய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இணைப்புகளையே எண்ணுகின்றனர். 1990இல் திருவனந்தபுரம் டெக்னோபார்க், 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் வழங்கிய பொது இணையச் சேவை, இணைய அணுகலை அடிப்படை உரிமையோடு பொருத்திய 2019ஆம் ஆண்டின் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2023 ஜூன் 5இல் கேஃபோன். கதவுகள் திறந்த வரலாறு இது. பூட்டுகளின் வரலாற்றுக்கு இதில் இடம் கிடைப்பதில்லை.

2016 ஆகஸ்டில் இதே நகரின் வெள்ளயம்பலம் பகுதியில், ஆல்தறை சந்திப்பின் ஏ.டி.எம். அறையொன்றில் புகை உணர்கருவி போன்ற ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதை எவரும் ஐயுறவில்லை. உள்ளே இருந்ததோ கேமரா. பணம் எடுக்க வந்தோரின் இரகசிய எண்ணை அது பதிவு செய்தது. களவாடப்பட்ட அட்டைத் தரவுகளைக் கொண்டு போலி அட்டைகள் உருவாயின. பணம் மும்பையில் எடுக்கப்பட்டது. ருமேனிய நாட்டவர் சிலர் குற்றஞ்சாட்டப்பட்டனர். ஒருவர் மும்பையிலேயே பிடிபட்டார்.

காவல்துறைச் செய்தியாக மட்டும் இதை வாசிப்பது போதாது என்பது என் கருத்து. வாடிக்கையாளர் தாம் யார் என்பதை அட்டையாலும் எண்ணாலும் இருமுறை மெய்ப்பிக்க வேண்டும். அறையில் உள்ள கருவி தான் யார் என்பதை ஒருமுறையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அணுகல் கட்டுப்பாடு தொடக்கம் முதலே இப்படி ஒருதலையாக வளர்ந்தது. எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் கணினி அமைப்பில் 1960களின் தொடக்கத்தில் கடவுச்சொல் புகுத்தப்பட்டது, பயனரைப் பயனரிடமிருந்து பிரிப்பதற்காக. 1962இலேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கோப்பு முழுவதையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். (ஆய்வு மாணவர்களின் நெருக்கடி அன்றும் அப்படித்தான் போலும்!)

காந்தப்பட்டையின் குறை எளியது: அதிலுள்ள தரவு மாறுவதில்லை; எனவே நகலும் மூலமும் ஒன்றே. சில்லு பொருத்திய அட்டை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய குறியீட்டை உருவாக்குகிறது. பழைய அட்டைகளை 2018 டிசம்பர் 31க்குள் மாற்றுமாறு ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அதனினும் முக்கியமானது 2017 ஜூலைச் சுற்றறிக்கை: வங்கியோ வாடிக்கையாளரோ தவறிழைக்காத மோசடியை மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. பொறுப்பு எவருடையது என்பது அங்கே எழுத்தில் வந்தது.

வீட்டுக் கேமராக்களுக்கும் ரௌட்டர்களுக்கும் அத்தகைய தெளிவு பிந்தியே வந்தது. திருவனந்தபுர நிகழ்வுக்கு இரண்டே மாதங்கள் கழித்து, 2016 அக்டோபர் 21இல், மிராய் என்ற தீநிரல் அத்தகைய கருவிகளை ஏவி டின் நிறுவனத்தைத் தாக்கியது. பல பெரிய இணையதளங்கள் முடங்கின. அதன் ஆயுதம் தொழிற்சாலையிலேயே இடப்பட்டு எவராலும் மாற்றப்படாத அறுபதுக்கு மேற்பட்ட கடவுச்சொல் இணைகள். அத்தகைய பொதுக் கடவுச்சொற்களைப் பிரிட்டன் சட்டத்தால் தடுத்தது 2024 ஏப்ரலில்; கண்காணிப்புக் கேமராக்களுக்கு இந்தியா கட்டாயப் பாதுகாப்புச் சோதனையை நடைமுறைப்படுத்தியது 2025 ஏப்ரலில். அதற்குமுன் விற்கப்பட்டவை நம் சுவர்களிலேயே இருக்கின்றன.