எல்லைப்புறப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

அயல்நாட்டில் தஞ்சம் புகுந்த அகதிக் குடும்பம், தலைக்குமேல் ஒரு கூரை கிடைத்ததும் அடுத்தபடியாகத் தேடுவது பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம். எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், எந்த மொழியில் கற்பிக்கும் என்னும் கேள்விகள் அங்கே எழுகின்றன. பிறந்த ஊரை விட்டு ஓரடியும் நகராத மக்களுக்கும் இதே கேள்விகள் எழுந்ததுண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழியில், களியக்காவிளைக்கு முன்னே உள்ள பாறசாலை இதற்குச் சான்று.

பாறசாலை நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர். திருவிதாங்கூர் மன்னராட்சியில் அதற்கும் தெற்கே உள்ள விளவங்கோட்டிற்கும் இடையில் மாநில எல்லை என்று ஒன்றில்லை. தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் பேசப்பட்டன. லண்டன் மிஷன் சங்கத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கு நிலையம் அமைத்துப் பணி புரிந்தனர்.

திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழகத்துடன் இணைக்கக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. மாநிலச் சீரமைப்புக் குழு 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும், செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. மலையாளம் பேசுவோர் மிகுந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இப்புறம் தமிழர் சிறுபான்மையினராயினர். அப்புறம் மலையாளிகள் சிறுபான்மையினராயினர்.

இத்தகைய பிள்ளைகளைக் கருதியே அவ்வாண்டு அரசியல் சட்டத்தில் 350அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு இதற்கு ஓர் அளவு வகுத்திருந்தது. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளேனும், ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளேனும் இருப்பின் தாய்மொழி ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பதே அது.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சட்டம் கதவைத் திறக்கிறது; ஆசிரியரை வரவழைப்பது சேர்க்கைப் பதிவேடு. பத்துப் பெற்றோரில் ஒருவர், பிழைப்பிற்கு உதவாது என்று தம் பிள்ளையை வேறு பிரிவில் சேர்த்தால், எஞ்சிய ஒன்பது பிள்ளைகளின் உரிமையும் ஆட்டங் காண்கிறது. அவரைக் குறை கூறுவதும் எளிதன்று. கேரளத்தில் அலுவல் தேட மலையாளம் வேண்டும். வெளியே செல்ல ஆங்கிலம் வேண்டும்.

அரசுப் பள்ளியில் எண்ணிக்கை போதாதபோது தனியார் பள்ளி துணையாகலாம். மொழிச் சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்விக் கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு அளிக்கிறது. கேரளக் கல்வி மசோதாவைப் பற்றிக் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, உதவிப் பணத்திற்கு நிபந்தனை விதித்து அவ்வுரிமையை அழித்துவிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1958இல் கூறியது. அதே வேளையில், உதவி பெறும் பள்ளி செவ்வனே நடைபெறத் தக்க விதிகளை அரசு வகுக்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டது.

தமிழகம் 2006இலும் கேரளம் 2017இலும் தத்தம் மொழியைப் பள்ளிகளில் கற்பிக்கச் சட்டம் இயற்றின. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது நமக்கு நன்மையே. அண்டை வீட்டாரோடு கலந்து பழகுவதற்கு அதுவே வழி. அதனால் தாய்மொழி நழுவிவிட வேண்டுவதில்லை.

தில்லியில் 1923இல் மதராஸி கல்விச் சங்கமாகத் தோன்றிய அமைப்பு, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற பெயரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. பிழைப்பை நாடிச் சென்றவர்கள் ஒன்றுகூடி எழுப்பிய பள்ளிகள் அவை. பிற மாநிலங்களில் வாழும் நாம், நம் ஊரில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் உள்ளனர் என்று கணக்கெடுத்து, பள்ளி திறக்கும் முன்னரே பெற்றோர் அனைவரும் சேர்ந்து விண்ணப்பம் அளிப்போமாக. பத்துப் பெயர்கள் ஒரே பட்டியலில் சேருமானால், ஒரு தமிழாசிரியரைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.