கோழிச் சீக்கும் ஒரு மலை ஊரும்

ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வரலாற்றுப் பதிவு. இந்த முறை ராஜாவும் இல்லை, போரும் இல்லை. ஒரு கோழி.

இங்கே மனாமாவில் காலை எட்டரை என்றால் ஊரில் பதினொன்று. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாளாச்சே என்று புரண்டு படுத்திருந்தபோது அம்மாவின் போன். "கண்ணு, செவலை ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல. வெள்ளையா கழியுது. எனக்கென்னமோ பயமா இருக்கு."

செவலை என்பது அம்மாவின் கோழி. அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவுக்குப் பேச்சுத்துணை அதுதான். முட்டையிடுவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அதைக் குழம்பு வைக்கலாம் என்று யாரும் அந்த வீட்டில் வாய் திறக்க முடியாது :-)

சித்தூர் என்றதும் 'ஆந்திராவா?' என்று கேட்பவர்களுக்காக: இது பாலக்காட்டுச் சித்தூர். பழைய கொச்சி ராஜ்யம், 1956 முதல் கேரளம். அடுப்படியில் தமிழ், ஆபீசில் மலையாளம். அதனால் எங்கள் கோழிச் சீக்குக்கும் மூன்று பெயர். அம்மாவுக்கு வெள்ளைக்கழிச்சல். பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு கோழிவசந்த. மிருகாஸ்பத்திரிச் சீட்டில் ராணிக்கேட்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் 1990. எனக்குப் பத்து வயசு. பதினாலு கோழி இருந்தது. முட்டைக் காசில்தான் எனக்கு நோட்டுப் புத்தகம். அக்காவுக்குக் கம்மல் எடுக்க அம்மா தனியாக ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டிருந்தார். பங்குனியில் சந்தையிலிருந்து ஒரு சேவல் வாங்கி வந்தார். நாலு நாளில் அது தலையைத் தொங்கப்போட்டது. அப்புறம் ஒவ்வொன்றாக... பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கொக்கைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் எல்லாம் அரைத்து உருட்டி ஊட்டிப் பார்த்தார். ஒரு வாரத்தில் கொடாப்பு காலி. தென்னை மரத்தடியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். 'நான் அந்தச் சேவலை வாங்கியிருக்கக் கூடாது' என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நான் படித்தது பி.காம். வேலை வங்கியில். ஆனாலும் அன்று போனை வைத்ததும் 'ராணிக்கேட்' என்று ஏன் பெயர் என்று தேட ஆரம்பித்தவன், ராத்திரி வரை எழுந்திருக்கவில்லை.

கோழிகளுக்குக் கொள்ளைநோய் புதிதல்ல. ஆனால் இந்த நோய் தனி நோய் என்று மருத்துவ உலகம் கண்டுகொண்டது 1926இல்தான். ஜாவாத் தீவில் பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) பக்கம் கோழிகள் கூட்டமாகச் செத்தன. கிரானவெல்ட் என்ற டச்சுக்காரர் எழுதி வைத்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துப் பக்கமும் அதே சாவு. அங்கே ஆராய்ந்த டாயில், பழைய கோழிக் கொள்ளைநோயிலிருந்து (இன்று நாம் பறவைக் காய்ச்சல் என்பது) இது வேறு வைரஸ் என்று 1927இல் காட்டினார். தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஊர்ப்பெயரையே நோய்க்கு வைத்தார். தற்காலிகம் நூறு வருஷமாக நிரந்தரமாகிவிட்டது. நம் அரசாங்க உத்தரவுகள் மாதிரி!

1927இல் நம் நாட்டில் ராணிக்கேட். இன்றைய உத்தராகண்டில் குமாவுன் மலையில் ஒரு ராணுவக் குடியிருப்பு ஊர். அதே குமாவுனில் முக்தேஸ்வரில் கால்நடை ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. 1889இல் புனாவில் தொடங்கி 1893இல் மலைக்கு மாற்றப்பட்டது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் தாய்வீடு அதுதான். அங்கிருந்த எட்வர்ட்ஸ் 1928இல் இந்த 'புதிய கோழி நோயை' பதிவு செய்தார். ராணி பெயரில் இருந்த ஒரு மலை ஊர், பாவம், சித்தூர் மருந்துச்சீட்டு வரை கழிச்சலின் பெயராக வந்து சேர்ந்தது.

இனிமேல்தான் என்னைத் தூங்கவிடாத பகுதி.

1940இல் ஐயர், டாப்சன் என்ற இருவர் இந்த வைரஸைக் கருவுற்ற முட்டையில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கலாம் என்று காட்டினார்கள். அதே வழியில் முக்தேஸ்வரில் ஹேடோவும் இத்னானியும் உருவாக்கியதை 1946இல் வெளியிட்டார்கள். வளர்ந்த கோழிக்கு இறக்கையடியில் போடும் ஊசி இன்றும் அந்த முக்தேஸ்வர் வகைதான். அதே 1946இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒரு பண்ணையில் கிடைத்த சாதுவான வைரஸ்தான் லசோட்டா, குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்து. வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. வராமல் தடுக்க உண்டு.

அதாவது எங்கள் பதினாலு கோழி செத்தபோது மருந்துக்கு 44 வயது.

பின் ஏன் வரவில்லை? கணக்குப் பார்த்தால் புரிகிறது. தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் 100, 200 கோழிகளுக்கானது. கரைத்தால் ஓரிரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். பண்ணைக்காரருக்குச் சரி. பதினாலு கோழிக்காரி என்ன செய்வாள்?

இன்னொன்று, வங்கிக்காரன் புத்தி. முக்தேஸ்வர் ஆய்வுக்கூடம் முக்கியமாகப் போராடியது மாடுகளின் வெக்கை நோயோடு. அதே எட்வர்ட்ஸ் அதற்கும் தடுப்பு மருந்து தந்தவர். 2011இல் அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதன் தடுப்பூசி ஒரு முறை போட்டால் நெடுங்காலம் காத்தது; கோழிக்கு அப்படியில்லை, திரும்பப் போட வேண்டும், வைரஸை மற்ற பறவைகளும் சுமக்கும். இது உயிரியல். ஆனால் மாடு எங்கள் பேரேட்டிலும் இருந்தது. அந்தக் காலத்து ஐ.ஆர்.டி.பி. கடனில் வாங்கிய மாட்டுக்குக் காதில் தோடு, அதற்கு இன்சூரன்ஸ். கோழி? அது பொம்பளைங்க சில்லறைக் காசு. எந்தப் பேரேட்டிலும் ஏறாதது செத்தாலும் நஷ்டமாகத் தெரியாது.

யாருமே யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் வெப்பம் தாங்கும் வகை ஒன்று கிடைத்தது. ஸ்ப்ராட்பிரோ என்ற பேராசிரியரும் மலேசிய விஞ்ஞானிகளும் 1980களில் அதைத் தீவனத்தில் கலந்து கிராமக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் புறக்கடைக் கோழிக்கென்று வாய்வழி உருண்டை மருந்து கொண்டுவந்தது. அம்மா ஊட்டிய கீழாநெல்லி உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை ஒன்றுதான், உள்ளே இருப்பதுதான் வேறு.

செவலைக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? கூடையில் போட்டு ஆட்டோவில் மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தார். காலையில் காலியாக இருக்க வேண்டியது கல் மாதிரி இருந்தது. மூச்சு சரி, கழுத்து சரி. தென்னை நாரைத் தின்று அடைத்துக்கொண்டிருக்கிறது, ராணிக்கேட் இல்லை என்றார். ஒரு நாள் தானியம் கிடையாது, தண்ணீர் மட்டும், கொக்கோரம் சில சொட்டு தேங்காய் எண்ணெய், தீனிப்பையை மெதுவாகத் தடவி விடுவது, தலைகீழாக மட்டும் பிடிக்கக் கூடாது. நாலாம் நாள் குழைந்த சோறு தின்றது. மற்ற மூன்று கோழிகளுக்கும் ஊசி போட நாள் குறித்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரி அம்மாவிடம் நான் படித்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அந்த வருசமும் மருந்து இருந்துச்சா கண்ணு?" என்றார்.

"இருந்துச்சும்மா."

"சேவல் கொண்டாந்ததுதானே சீக்கு?"

பொய் சொல்லத் தோன்றியது. "இருக்கலாம்மா. ஆனா ஊசி போட்டிருந்தா, சேவல் வந்தும் மத்ததுல பாதிக்கு மேல பொழச்சிருக்கும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் செவலை கொக்கரிப்பது கேட்டது.

"யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் அம்மா.

வீட்டில் நாலு கோழி வளர்க்கும் அம்மா, அத்தை, சித்தி உங்களுக்கும் இருப்பார்கள். அடுத்த போனில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். குஞ்சுக்கு முதல் வாரம் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோனால் குப்பியும் வீணாகாது.