வெள்ளாற்றுச் சேறு சொன்ன கதை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பழைய விவசாயிகளிடம் பி.எச்.சி. பவுடர் என்றால் உடனே புரியும். நெல்லுக்கும் பருத்திக்கும் தூவிய பூச்சிமருந்து அது. தூவியது எங்கே போயிற்று?

1980களின் பிற்பகுதியில் விடை தேடியது பரங்கிப்பேட்டை. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் அவ்வூரருகே கடலில் கலக்கும் வெள்ளாற்றின் தண்ணீரையும் சேற்றையும் காற்றையும் சோதித்தன. மருந்து அடிக்கும் நெல் பருவத்தில் ஆற்று நீரில் அளவு கூடியது. ஆனால் அவ்வளவு தூவியும் சேற்றில் தங்கியது குறைவே.

நம் வெயில்தான் காரணம். வயலில் விழுந்ததில் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றேறியது. அதில் ஒரு பகுதி குளிர்ந்த வடகடல்கள்வரை சென்று படிந்தது. நம் ஆறு சுத்தமாகத் தெரிந்ததற்கு யாரோ விலை கொடுத்தார்கள் என்பது நெஞ்சை உறுத்துகிறது.

இந்தியா பி.எச்.சி.யைத் தடை செய்தது 1997இல்.