விளங்காத வழக்கு

வழக்கு அவனுடையது. வாதாடுவோருக்குக் காசு கொடுத்தவனும் அவனே. ஆனால், மன்றத்திலே தனக்காகப் பேசப்படுவது எது, தனக்கு எதிராகப் பேசப்படுவது எது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது! பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நிலத் தகராறுக்காக அரசனின் மன்றம் ஏறிய எளிய குடியானவனின் நிலை இது.

1066இல் நார்மண்டியிலிருந்து படையோடு வந்து முடிசூடிய வில்லியம், பிரெஞ்சு பேசும் பிரபுக்களையும் உடன் கொணர்ந்தான். ஆண்டவர் மொழி நாளடைவில் மன்றத்தின் மொழியாயிற்று; ஏட்டில் பதிவதற்கோ இலத்தீன். உழுதவனும் நெய்தவனும் பேசிய ஆங்கிலம் வாயிலிலேயே நின்றது.

மூன்றாம் எட்வர்டு காலத்தில், 1362இல், பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. வழக்குகளை இனி ஆங்கிலத்திலேயே வாதாடவேண்டும் என்றது. காரணமாக எதைக் கூறிற்று? முன்னோர் பெருமையை அன்று. மொழியின் இனிமையையும் அன்று. பிரெஞ்சு நாட்டிலே பெரிதும் அறியப்படாத மொழி. வழக்குத் தொடுப்பவருக்கும் தொடுக்கப்படுபவருக்கும் வழக்கறிஞர் பேசுவது விளங்கவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. கேட்பவனுக்கு விளங்கவேண்டும் என்பதை ஓர் அரசு சட்டத்திலேயே எழுதிவைத்தது, எண்ணி மகிழத்தக்க செய்தி. வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தில் பேசுக என்று ஆணையிட்ட அந்தச் சட்டமே எழுதப்பட்டது பிரெஞ்சு மொழியில்! பதிவேடோ இலத்தீனிலேயே இருக்கும் என்றும் அது கூறிற்று.

அந்தச் சந்திலே நுழைந்துகொண்டனர் சட்டம் கற்ற சான்றோர். தமக்குள் குறிப்பெழுதவும் சட்டம் பயிலவும் பிரெஞ்சை அவர்கள் கைவிடவில்லை. அதுவோ தேய்ந்து தேய்ந்து உருக்குலைந்தது. 1631இல் சாலிஸ்பரி மன்றத்திலே கைதி ஒருவன் நீதிபதியின்மேல் செங்கல் துண்டை வீசினான், குறி தப்பியது. அந்நிகழ்ச்சியைப் பற்றிய சட்டக் குறிப்பில், பிரெஞ்சு வாக்கியத்தின் நடுவே செங்கல்லுக்கு ஆங்கிலச் சொல்லே செருகப்பட்டிருக்கிறது. குறி தப்பியதற்கும் அப்படியே. எழுதுபவருக்கே சரிவர வராத மொழி, எனினும் விட்டாரில்லை. ஏன் விடுவர்? விளங்காத வரையில்தானே விளக்குபவருக்கு வேலை!

1650இல் மன்னனற்ற குடியரசு, சட்ட நூல்களையும் மன்ற நடவடிக்கைகளையும் ஆங்கிலமாக்க ஆணையிட்டது. 1660இல் மன்னன் திரும்பினான், இலத்தீனும் திரும்பியது. 1731இல் இயற்றப்பட்டு 1733இல் நடைமுறைக்கு வந்த சட்டமே இதற்கு முடிவு கட்டியது. மொழியோடு அது நிற்கவில்லை. எவரும் படிக்கத்தக்க எழுத்தில், சொற்களைச் சுருக்காமல் முழுமையாக எழுதவேண்டும். மீறினால் 50 பவுன் தண்டம் என்றது.

அந்த மசோதாவை எதிர்த்த தலைமை நீதிபதி ரேமண்ட் பிரபு, இது நிறைவேறினால் வேல்ஸ் மக்களுக்காக வெல்ஷ் மொழியிலும் வழக்கு நடத்தவேண்டி வருமே என்றார். தடுப்பதற்காகச் சொன்ன சொல்தான்; ஆயினும் அதில் உண்மை இருந்தது. 1536 முதல் வேல்ஸ் நாட்டு மன்றங்களின் மொழி ஆங்கிலம். அது அறியாத வெல்ஷ் உழவன், முன்னாளில் ஆங்கிலக் குடியானவன் நின்ற அதே இடத்தில் நின்றான். ஆங்கிலத்தால் இடர்ப்படுவதாகக் கருதுவோர் மன்றத்திலே வெல்ஷ் மொழியில் பேசலாம் என்ற சட்டம், 1942இல் வந்தது.