பனிக்கிரகத்துக்குப் போகும் ரயில்

ஒஸ்லோவில் இருந்து பேர்கனுக்கு ரயிலில் போனவர்களுக்கு ஃபின்சே என்ற தரிப்பிடம் ஞாபகம் இருக்கலாம். கடல்மட்டத்தில் இருந்து 1222 மீற்றர். நோர்வேயில் இதைவிட உயரத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஊருக்கு வீதியும் கிடையாது. எங்கட சனம் யன்னலால் வெளியே பார்த்து "ஐயோ, என்ன குளிரடா இது" என்றுவிட்டு, கொண்டுவந்த மீன் ரோல்ஸைத் தொடர்ந்து சாப்பிடும். நானும் அப்படித்தான் முதல் இரண்டு தரமும் கடந்து போனேன்.

அந்த இடம்தான் ஹொத் கிரகம். ஸ்ரார் வோர்ஸ் இரண்டாவது படத்தில் (1980) கிளர்ச்சிக்காரர்கள் ஒளிந்திருக்கும் பனிக்கிரகம்.

1979 மார்ச்சில் இயக்குநர் ஏர்வின் கேர்ஷ்னரும் குழுவும் அங்கே வந்து இறங்கினார்கள். வந்த இடத்தில் கடும் பனிப்புயல். வெளியே போக முடியாததால் கமராவை ஹொட்டல் வாசலுக்கு உள்ளே வைத்துக்கொண்டு, பாவம் மார்க் ஹமிலை மட்டும் வெளியே ஓடவிட்டுப் படம் எடுத்தார்கள். பதுங்குகுழியில் நிற்கும் கிளர்ச்சிப்படை வீரர்களாக நடித்தவர்களில் பலர் நோர்வே செஞ்சிலுவையின் மலைமீட்புத் தொண்டர்கள். அதற்குப் பதிலாகச் செஞ்சிலுவைக்கு நன்கொடை கொடுக்கப்பட்டது. பனியில் புதைந்தவர்களைத் தோண்டி எடுக்கிறவர்கள், ஒரு கிழமை பனியில் விழுந்து சாகிறவர்களாக நடித்தார்கள்!

என்னுடைய வயதுக்காரர் இந்தப் படத்தைச் சண்டைப்படம் என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்திருப்பீர்கள். திரும்ப ஒருக்கால் பாருங்கள். அதன் முதற்பாதி ஒரு இடம்பெயர்வு. எதிரி வருகிறான், தளத்தை விடவேண்டும், ஏற்றக்கூடியதைக் கப்பலில் ஏற்றவேண்டும். கப்பல்கள் போய்ச்சேரும் வரை பதுங்குகுழியில் நிற்பவர்கள் தாக்குப்பிடிக்கவேண்டும். அவ்வளவுதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தால் நடந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் கப்பல்கள் கிளம்பியதும் கமராவும் கதாநாயகர்களோடு கிளம்பிவிடும். குழிக்குள் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் திரும்பிப் பார்க்காது.

ஃபின்சே இருப்பது ஹர்டாங்கர்விட்டா என்ற பெரிய மேட்டுநிலத்தின் வடக்கு ஓரத்தில். அங்கே பனி மட்டுமல்ல, உண்மையான கிளர்ச்சிக்காரர்களும் இருந்தார்கள். 1942 ஒக்ரோபரில் நான்கு நோர்வேஜியர்கள் பரசூட்டில் அந்த மேட்டுநிலத்தில் குதித்தார்கள். ஜேர்மன்காரர் கைப்பற்றி வைத்திருந்த வேமோர்க் தொழிற்சாலையில் கனநீர் உற்பத்தி நடந்தது. அணுகுண்டு ஆராய்ச்சிக்கு அது உதவும் என்று நேசநாடுகள் பயந்தன. உதவிக்கு கிளைடரில் வந்த பிரித்தானியப் படையினர் நவம்பரில் விபத்துக்குள்ளாகி, தப்பியவர்களும் கொல்லப்பட்டார்கள். நால்வரும் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பாறைப்பாசியும் மான் இறைச்சியும் தின்று காத்திருந்தார்கள். 1943 பெப்ரவரியில் இன்னும் ஆறு பேர் குதித்தார்கள். 27ஆம் திகதி இரவு, ஒரு வேட்டும் தீர்க்காமல் கனநீர்க் கலங்களைத் தகர்த்தார்கள். தகர்ப்புக்குத் தலைமை தாங்கிய யோவாகிம் ரொன்னபெர்க்குக்கு அப்போது 23 வயது. பிறகு அவரும் நான்கு தோழர்களும் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஸ்கீயில் சறுக்கி சுவீடனுக்குப் போனார்கள். 1948இல் இதைப் படமாக்கியபோது, பங்குபற்றியவர்களில் சிலர் தாங்களாகவே நடித்தார்கள்.

ஜோர்ஜ் லூக்காஸ் இதை மனதில் வைத்துக்கொண்டு வந்தார் என்று நான் புளுகவில்லை. படக்குழு பனி தேடித்தான் வந்தது. லூக்காஸ் சொன்ன உதாரணம் வியட்நாம். சின்ன ஆயுதத்தோடு பேரரசை எதிர்த்த அந்தச் சனத்தை வைத்துத்தான் 1983 படத்தின் காட்டுக் கரடிக்குட்டிகளை உருவாக்கினார். அமெரிக்கச் சனம் தங்களுடைய படையையே பேரரசு என்று தெரியாமல் கைதட்டிப் பார்த்தது. இதுதான் விஞ்ஞானப் படங்களின் கெட்டித்தனம். பெயரை மாற்றிவிட்டால் எவனும் அகதியின் பக்கம் நிற்பான்.

பெயர் என்றதும் இன்னொன்று. அந்த யுத்தகாலத்தில் ஏறக்குறைய 50,000 நோர்வேஜியர்கள் சுவீடனுக்குத் தப்பினார்கள். வெஸ்ட்லியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காடு மாதிரியான காடுகளுக்குள்ளால்தான், இரவில், குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு. கூட்டிப்போனவர்களுக்கு இங்கே 'கிரென்சலூஸ்' என்று பெயர், எல்லை வழிகாட்டி. அவர்களில் சிலர் காசும் வாங்கினார்கள். எங்கட ஆக்களைக் கூட்டிவந்தவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஏஜென்சிக்காரன். பொலிஸ் வைத்த பெயர் வேறு. ஏஜென்சிக்காரர் எல்லாரும் தியாகிகள் என்று சொல்ல எனக்கு விசரில்லை, எத்தனை குடும்பத்தின் காசு கரைந்தது என்று தெரியும். ஆனாலும் காடு ஒன்று, இரவும் ஒன்று. எல்லாருக்கும் இடம் கிடைத்ததும் இல்லை. 1942 நவம்பர் 26 அன்று 'டொனாவ்' என்ற கப்பல் 500க்கு மேற்பட்ட யூதர்களை ஒஸ்லோத் துறைமுகத்தில் இருந்து ஏற்றிப்போனது. பிடித்துக் கொடுத்தது நோர்வேப் பொலிஸ்.

இனி, என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாமல்போன படம். 'டிஸ்ரிக்ற் 9', 2009 ஓகஸ்டில் வந்தது. ஜொகன்னஸ்பேர்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கப்பல் நின்றுவிடுகிறது. உள்ளே பசியோடு கிடந்த வேற்றுக்கிரகவாசிகளை இறக்கி, கம்பிவேலி முகாமுக்குள் அடைக்கிறார்கள். சனம் அவர்களை "இறால்" என்று கூப்பிடும். (குசினியில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ இறால் உரிக்கிறவன் நான். எனக்கே சிரிப்பு வரவில்லை.) பிறகு ஒரு அதிகாரி கொட்டில் கொட்டிலாகப் போய், வேறு முகாமுக்கு மாற சம்மதம் என்று கையொப்பம் வாங்குகிறான்.

பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கேப் ரவுணில் டிஸ்ரிக்ற் சிக்ஸ் என்று ஒரு பகுதி. 1966இல் அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000 பேர் வரை அகற்றினார்கள். படத்தை எடுத்தது சொவேற்றோவில், உண்மையான தகரக் கொட்டில்களுக்குள். குறையும் உண்டு. வேற்றுக்கிரகவாசிக்கு இரங்கும் படம், அதே சேரியில் இருக்கும் நைஜீரியரை வெறும் ரவுடிகளாகக் காட்டியது. நைஜீரிய அரசு கோபப்பட்டுத் திரையிடவேண்டாம் என்றது. அகதிக்குள்ளும் நல்ல அகதி, கெட்ட அகதி!

அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், வவுனியா மெனிக் பாமிலும் சுற்றியிருந்த முகாம்களிலும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட எங்கட சனம் கம்பிவேலிக்குள் இருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த நோர்வேஜியப் பெடியன் சோளப்பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனில் பிழையில்லை.

படத்தின் முடிவில் ஒரு வேற்றுக்கிரகவாசி தன் மகனோடு தப்பிப் போகிறான், மூன்று வருடத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு. மற்றவர்களை டிஸ்ரிக்ற் 10 என்ற புது முகாமுக்கு மாற்றுகிறார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில், சரியாக மூன்று வருடம். கடைசியாக ஏற்றப்பட்டது கேப்பாப்பிலவுச் சனம். அவர்களுடைய காணிகளில் இராணுவம் இருந்தது. பஸ் அவர்களைக் கொண்டுபோய் சீனியாமோட்டையில், காடு வெட்டிய ஒரு வெளியில் இறக்கியது.