அகவிலைப்படியில் எந்தப் படி?



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் பேசினார். இப்போது அவரும் ஆசிரியர். "ஐயா, அகவிலைப்படி என்கிறோமே, அதில் படி எதற்கு? வகுப்பில் ஒரு பையன் கேட்டுவிட்டான், விழித்தேன்" என்றார். 34 வருடம் சம்பளம் வாங்கியும் நான் அதைக் கேட்டதில்லை. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தேன்!

படி என்பது முகத்தலளவை. 8 ஆழாக்கு 1 படி, 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். (மூன்றாம் வகுப்பில் இதை ஒப்பிக்காமல் அடி வாங்கியவன் நான்.) எங்கள் தஞ்சைப் பக்கம் பண்ணை வேலைக்குக் கூலி நெல்தான். அப்படி அளந்து கொடுத்ததும் படி. வாங்கியவர் படியாள். நெல் போய்க் காசு வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். பயணப்படி, பஞ்சப்படி, பிறகு அகவிலைப்படி. அகவிலை என்றாலே பழந்தமிழில் தானிய விலைதான்.

கல்வெட்டுக்காரர்களுக்குப் படி என்றால் நகல். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி எடுப்பது மைப்படி. அப்படிப் படியெடுத்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற மரக்கால் வருகிறது. இறைவன் பெயரையே அளவுக்கு வைத்திருக்கிறார்கள்.

என் தாத்தா படியாள். அவர் வேலை பார்த்த பண்ணையில் நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேறொரு மரக்கால். பாட்டி வீட்டில் வைத்திருந்த மரப்படியால் திரும்ப அளப்பார். ஒருநாளும் சரியாக வந்ததில்லை. வெளியே சொன்னதுமில்லை.

1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியை மரக்கால் கணக்கில்தான் வரையறுத்தது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்றார்கள். கிலோ கணக்கு சட்டமாகிச் சில வருடம் ஆகியிருந்தது, ஆனால் கிலோவைச் சொல்லியிருந்தால் எங்கள் தெருவில் யாருக்குப் புரிந்திருக்கும்? அடுத்த வருடம் டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டம் நடந்த ஊர். குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். எத்தனையோ வருடம் வரலாறு நடத்தினேன். என் பாடப்புத்தகத்தில் அது இல்லை, நானாகவும் சொல்லவில்லை. அந்த வகுப்புகளில் இருந்தவர்கள் இதைப் படித்தால் மன்னியுங்கள்.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ராத்திரி சிம்னி விளக்கை என் பக்கம் நகர்த்திவைத்து "படி" என்பார், அவ்வளவுதான்.

பாட்டியின் மரப்படி கடைசியாகப் பெரிய அத்தை வீட்டுப் பரணில் இருந்தது. பிள்ளைகளா, யாராவது ஏறிப் பாருங்கள். கிடைத்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அடியில் ஒரு வெட்டுக்குறி இருக்கும்.