கப்பல் தளத்தில் கழிந்த பொழுது

வாணிகத்திற்கும் போருக்கும் பிழைப்பிற்கும் கடல் கடந்தோர் வரலாறு மிக நீண்டது. இன்பப் பொழுதுபோக்கையே கருதிக் கலமேறியோர் வரலாறோ இரண்டு நூற்றாண்டும் நிரம்பாதது. அதன் தொடக்க காலத்தைச் சேர்ந்தது, 1867-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் நியூயார்க்கில் புறப்பட்ட 'குவேக்கர் சிட்டி' என்னும் நீராவிக் கப்பல். புறப்பட்டும் புயலின் காரணமாக இரண்டு நாள் துறைமுக வாயிலிலேயே நங்கூரமிட்டுக் கிடந்தது என்பது வேறு செய்தி!

ஆளொன்றுக்குக் கட்டணம் 1,250 டாலர். தக்கவர்தாமா என்று ஒரு குழு ஆராய்ந்த பின்னரே இடம் அளிக்கப்பெற்றது. ஐரோப்பா, பாலஸ்தீனம், எகிப்து முதலியவற்றைக் கண்டு நவம்பர் 19-இல் அவர்கள் மீண்டனர். செய்தித்தாள் ஒன்றிற்காக உடன் சென்ற மார்க் ட்வெயின் 1869-இல் வெளியிட்ட நூலில் அவர்களது அன்றாட வாழ்வு சுவைபட விளங்குகின்றது.

கரை காணும் வரையில் நாளெல்லாம் ஓய்வே. அதனை எவ்வாறு கழிப்பது? வாத்தியக் குழுவும் நாடகக் குழுவும் அக்கப்பலில் இல்லை. பயணிகளே தமக்கு வேண்டியவற்றைப் படைத்துக் கொண்டனர். புகை பிடிக்கும் அறையில் டோமினோ ஆட்டம் ஓயாது நடந்தது. தளத்தில் சுண்ணக்கட்டியால், நம் சிறுமியர் பாண்டி ஆடுவதற்கு வரைவதுபோலக் கட்டங்கள் வரைந்து, எண்ணிட்டு, மரவட்டுகளை நீண்ட கோலால் தள்ளி ஆடினர். நூறு எண் எடுத்தவர் வென்றவர். இது நிலத்தில் எளிதே. கப்பலிலோ தளம் எப்பக்கம் சாயும் என்று கணித்துத் தள்ள வேண்டும். வலப்புறம் சாயுமென்று எண்ணித் தள்ளினால் கப்பல் சாயாது நிற்கும். வட்டோ கட்டங்களுக்கு வெளியே ஓடிவிடும். தள்ளியவர் நாண, எதிர்க்கட்சியினர் நகைப்பர். கடலும் ஓர் ஆட்டக்காரராகக் கலந்துகொண்ட விளையாட்டு அது.

நடனத்திலும் அதுவே நிகழ்ந்தது. மூச்சு வாங்கும் ஒரு மெலோடியன், உச்சத்தில் தடுமாறும் ஒரு கிளாரினெட், காற்றொழுகும் பழைய அக்கார்டியன் ஆகியவையே இசைக்கருவிகள். கப்பல் ஒருபுறம் சாய்ந்தால் ஆடுவோர் அனைவரும் அப்புறம் ஓடுவர். மறுபுறம் சாய்ந்தால் மறுபுறம் ஓடுவர். இறுதியில் நடனமே கைவிடப்பட்டது. பின்னர்ப் பொய் வழக்கு ஒன்றை நடத்தினர். அறை ஒன்றிலிருந்து மேலங்கி திருடியதாகக் கப்பற் கணக்கர்மீது குற்றச்சாட்டு! நீதிபதி, வழக்கறிஞர், சாட்சிகள், நடுவர் குழு எல்லாரும் பயணிகளே. தீர்ப்பு நகைப்பிற்கிடமானதாக அமைந்தது. நம் சங்கத்து ஆண்டு விழா நாடகங்களில் வேடம் புனைந்த அன்பர்களுக்கு இதன் இன்பத்தை விளக்க வேண்டுவதில்லை.

இரவில் இருபது முப்பது பேர் விளக்கின்கீழ் அமர்ந்து நாட்குறிப்பு எழுதினர். தொடங்கியபோது இருந்த ஊக்கம் பலருக்கு நெடுநாள் நீடிக்கவில்லை. நம்மிலும் சனவரித் திங்களோடு நாட்குறிப்பை மூடி வைப்போர் உளர் அன்றோ? இவ்வளவும் மேல்தளத்துச் செய்தி. கீழே உலையில் நிலக்கரி வாரியிட்டோர்க்கு இவ்வின்பங்களில் பங்கில்லை என்பதையும் மறத்தலாகாது.

விரைவில் இவ்வோய்வு விலைப்பொருளாயிற்று. குளிர்காலத்தில் அட்லாண்டிக் பயணத்தை மக்கள் விரும்பாமையால் பெரிய கப்பல்கள் வருவாயின்றி நின்றன. அதனைக் கண்ட ஜெர்மானியர் ஆல்பர்ட் பாலின், 1891 சனவரி 22-இல் 'அகஸ்டா விக்டோரியா'வை 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்; தாமும் உடன் சென்றார். 1900-இல் இன்பப் பயணத்திற்கென்றே 'பிரின்ஸெஸ்ஸின் விக்டோரியா லூயிஸ்' கட்டப்பெற்றது. முதல் வகுப்பு அறைகள் மட்டுமே கொண்ட அதில் நூலகம், உடற்பயிற்சிக் கூடம், புகைப்படம் எடுப்போர்க்கு ஓர் இருட்டறை ஆகியவை இருந்தன. 1906 டிசம்பரில் ஜமைக்காவின் அருகே பாறையில் ஏறி அக்கப்பல் அழிந்தது. பயணிகள் உயிர் தப்பினர்.

அதன்பின் வந்த கப்பல்களில் பொழுதுபோக்கை அமைத்துத் தருவது ஊதியம் பெறுவோரின் தொழிலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஆட்டத்தை அடக்கும் சிறகுகள் பெருங்கப்பல்களின் அடிப்பக்கத்தில் பொருத்தப்பெற்றன. சுண்ணக்கட்டிக் கோடுகள் இருந்த இடத்தில் வண்ணம் தீட்டிய கட்டங்கள் வந்தன. இன்றும் அவற்றில் வட்டு ஆடுகின்றனர்; தள்ளிய வட்டு பெரும்பாலும் தள்ளிய திசையிலேயே செல்கின்றது.